உள்ளே போன கோடு வெளியே வந்தாகணும்!



ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் கலாட்டாக்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மலரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு கணக்கின் வரலாறு. பயப்படாதீர்கள், சமன்பாடு ஒன்றுகூட எழுதப் போவதில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை முதல் தடவையிலோ மூன்றாவது தடவையிலோ பாஸ் செய்த யாருக்கும் புரியும். புரியவில்லை என்றால் அது எழுதியவன் குற்றம்.

நான் பிழைப்பு நடத்துவது சிமுலேஷனில். காற்றோ தண்ணீரோ ஒரு குழாய்க்குள் எப்படி ஓடும் என்பதை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் சிவப்பும் நீலமுமாக அழகான படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவார்கள். "தம்பி, இந்தச் சுழல் நிஜமாவே அங்க இருக்கா, இல்ல நம்ம கணக்கு உண்டாக்கினதா?" என்று கேட்டால் முழிப்பார்கள். சாஃப்ட்வேர் பச்சை டிக் காட்டிவிட்டதே, அப்புறம் என்ன கேள்வி என்பது அவர்கள் முழியில் தெரியும்.

இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டு முன்னேறிய துறை ஒன்று உண்டு. மின்னூட்டம் பெற்ற பாய்மம், அதாவது பிளாஸ்மா, காந்தப் புலத்துக்குள் ஓடுவதைக் கணக்கிடும் துறை. மேக்னடோ ஹைட்ரோ டைனமிக்ஸ், சுருக்கமாக எம்.எச்.டி. அதன் கதையில் லண்டன் பாலமும் வருகிறது, நம்ம சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரும் வருகிறார்.

பாலத்தில் தொங்கிய கம்பி

1832 ஜனவரியில் மைக்கேல் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்தில் நீளமாகக் கம்பி கட்டி, அதன் இரு முனைகளையும் தேம்ஸ் நதிக்குள் இறக்கினார். உப்பு கலந்த ஆற்று நீர் மின்சாரத்தைக் கடத்தும். பூமிக்குக் காந்தப் புலம் உண்டு. அந்தப் புலத்தின் குறுக்கே நீர் ஓடினால் மின்னோட்டம் பிறக்க வேண்டுமே என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் மற்றக் காரணங்களால் ஊசி இங்குமங்கும் ஆடியதில் அவர் தேடியது பிடிபடவில்லை.

நூறு வருஷம் கழித்து, 1937-ல், டென்மார்க்கில் ஹார்ட்மன் என்பவர் பாதரசத்தைக் காந்தத்தின் நடுவே ஓட்டி அளவெடுத்தார். இன்றைக்கும் இந்தத் துறையில் 'ஹார்ட்மன் எண்' என்று அவர் பெயர்தான். 1942-ல் ஸ்வீடனின் ஹானஸ் ஆல்வென் 'நேச்சர்' பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். மின்கடத்தும் பாய்மத்தில் காந்தக் கோடுகள் வீணைத் தந்தி மாதிரி அதிரும், அந்த அதிர்வு அலையாகப் போகும் என்பதே அதன் சாரம். உடனே எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. 1949-ல் லண்ட்குவிஸ்ட் பாதரசத்தில் அந்த அலையைப் பிடித்துக் காட்டினார். 1970-ல் ஆல்வெனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. சூடான வாயுவைக் காந்தத்தின் ஊடே செலுத்தி, டர்பைன் இல்லாமலே நேரடியாக மின்சாரம் எடுக்கலாமா என்று 1980-களில் திருச்சியில் பெல் நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து சோதனை நிலையம் நடத்தின. 5 மெகாவாட் வெப்பத் திறன் கொண்டது. அந்த முறை வணிகத்துக்கு வரவில்லை. ஆனால் 'காந்தத்துக்குள் ஓடும் வாயு' என்பது நமக்கு எட்டாத விஷயம் அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

கட்டம் போட்டவர்கள்

பிளாஸ்மாவைச் சோதனைச்சாலையில் பிடித்து வைப்பது கஷ்டம். சூரியனையோ பிடிக்கவே முடியாது. ஆகவே கணக்குதான் வழி. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு கட்டத்துக்கும் அடர்த்தி, வேகம், காந்தப் புலம் என்று எண்கள் கொடுப்பது, பிறகு நேரத்தைச் சிறு சிறு அடியாக நகர்த்துவது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான்.

எவ்வளவு பெரிய அடி வைக்கலாம்? இதற்கான விதியை 1928-லேயே ஜெர்மனியின் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் எழுதிவிட்டார்கள். எளிய முறைகளில், ஒரு நேர அடிக்குள் எந்த அலையும் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால் அப்போது கம்ப்யூட்டரே கிடையாது! தூய கணிதத்துக்காக எழுதிய கட்டுரை அது. 1933-ல் நாஜி ஆட்சி வந்ததும் கூரன்ட் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. பிற்பாடு நியூயார்க்கில் பெரிய கணித நிலையத்தை உருவாக்கினார். 39 வருஷம் கழித்து, 1967-ல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழ் அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதற்குள் உலகம் அவர்களைத் தேடி வந்துவிட்டது.

இந்த விதி எம்.எச்.டி.யில் எப்படிக் கடிக்கும் தெரியுமா? சூரியனின் வெளிமண்டலத்தில் 10 காஸ் காந்தப் புலம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கோடி புரோட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்வென் அலையின் வேகம் நொடிக்கு சுமார் 700 கிலோமீட்டர் வரும். உங்கள் கட்டம் 700 கி.மீ. அகலம் என்றால் ஒரு நொடிக்கு மேல் அடி வைக்க முடியாது. படம் தெளிவாக வேண்டும் என்று கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு, அடிகள் 2 மடங்கு, ஆக வேலை 16 மடங்கு. புது கம்ப்யூட்டர் எவ்வளவு வாங்கினாலும் பத்தாது என்று இந்தத் துறைக்காரர்கள் புலம்புவதன் ரகசியம் இதுதான்.

அடுத்த தலைவலி அதிர்ச்சி அலை. அதன் கனம் ஒரு கட்டத்தைவிட எத்தனையோ மடங்கு சிறியது. அதைக் கட்டத்தில் எழுதப் போனால் எண்கள் துள்ளும். 1950-ல் வான் நாய்மனும் ரிக்ட்மயரும் ஒரு தந்திரம் செய்தார்கள். இல்லாத பிசுபிசுப்பு ஒன்றைக் கணக்கில் சேர்த்து, அதிர்ச்சி அலையைச் சில கட்டங்களுக்குப் பரப்பிவிட்டார்கள். பொய்தான். ஆனால் தெரிந்து சொன்ன பொய், அளவு தெரிந்த பொய். நம் தொழிலில் ஆபத்தானது நமக்கே தெரியாமல் கணக்கு சொல்லும் பொய்.

சோவியத் நாட்டின் கொதுனோவ் வேறு வழி பிடித்தார். 1959-ல் வெளியான அவர் முறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தடுப்பு இருப்பதாகவும் அதைச் சட்டென்று எடுத்துவிட்டதாகவும் பாவித்து, கிளம்பும் அலைகளைக் கணக்கிட வேண்டும். சாதாரண வாயுவில் மூன்று அலை கிளம்பும். காந்தம் சேர்ந்துவிட்டால் ஏழு! அந்த ஏழையும் சமாளித்து பிரியோவும் வூவும் 1988-ல் எழுதிக் காட்டினார்கள். புதிதாக எம்.எச்.டி. புரோகிராம் எழுதுகிற எவருக்கும் அவர்களுடைய சோதனைக் கணக்குதான் இன்றைக்கும் முதல் யூனிட் டெஸ்ட்.

இல்லாத முனை, இல்லாத விசை

இனிதான் கதையின் உச்சம்.

காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் வட முனை தனியாகக் கிடைக்காது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். இதையே வேறு மாதிரி சொல்லலாம். எங்கே வேண்டுமானாலும் கற்பனையாக ஒரு பெட்டி வரையுங்கள். அதற்குள் எத்தனை காந்தக் கோடு நுழைகிறதோ அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். உள்ளேயே தங்கவும் கூடாது, உள்ளேயிருந்து புதிதாக முளைக்கவும் கூடாது. இயற்கை இதை ஒரு நாளும் மீறியதாகக் கண்டவர் இல்லை.

ஆனால் கம்ப்யூட்டருக்கு இது தெரியாதே! ஒவ்வொரு அடியிலும் அது தோராயம் செய்கிறது. அந்தத் தோராயத்தில் ஒரு கட்டத்துக்குள் 100 கோடு போனால் 100.01 கோடு வெளியே வரும். அந்த 0.01 என்பது அங்கே ஒரு குட்டி வட முனை தனியாக முளைத்துவிட்டது என்று அர்த்தம். "போகட்டும் சார், நூற்றில் ஒரு பங்குகூட இல்லையே" என்றுதான் தோன்றும். பல காலம் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

1980-ல் அமெரிக்காவின் பிராக்பில்லும் பார்ன்ஸும் ஒரு சிறு கட்டுரையில் அந்த எண்ணத்தை உடைத்தார்கள். காந்த விசை எப்போதும் காந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். கோட்டின் திசையில் அது தள்ளவே தள்ளாது. ஆனால் வழக்கமாக எழுதும் முறையில் இந்தப் போலி முனை புகுந்துவிட்டால் கோட்டின் திசையிலேயே ஒரு விசை பிறக்கிறது. இயற்கையில் இல்லாத விசை பாய்மத்தைத் தள்ளுகிறது. அடி அடியாக அது சேர்ந்துகொண்டே போகிறது. புரோகிராம் நிற்காது, எரர் மெசேஜ் வராது, படம் அழகாகத்தான் இருக்கும். அந்தச் சுழலும் அந்த ஓட்டமும் மட்டும் பொய்!

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெடித்துச் சிதறும் கணக்கு நல்ல கணக்கு. தப்பு என்று அதுவே சொல்லிவிடுகிறது. சத்தம் போடாமல் தப்பாக ஓடுகிற கணக்குதான் ஆளைக் கவிழ்ப்பது.

பற்று வரவு நோட்டு

என்ன செய்வது? பிராக்பில்லும் பார்ன்ஸும் சேர்ந்த போலியை அவ்வப்போது கழித்து எடுக்கும் வழி ஒன்றைச் சொன்னார்கள். எவன்ஸ், ஹாலி என்ற இருவர் 1988-ல் இன்னொரு வழி காட்டினார்கள். போலி முளைக்கவே இடம் கொடுக்காத வழி.

சமன்பாட்டில் அவர்கள் கை வைக்கவில்லை. எண்களை வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தார்கள். கட்டத்தை ஒரு கனசதுரப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு. காந்தப் புலத்தைப் பெட்டியின் நடுவில் வைக்காமல் முகங்களில் வையுங்கள். மின்புலத்தை விளிம்புகளில் வையுங்கள். ஒரு முகத்தின் வழியே போகும் காந்தக் கோடுகள் மாறும் வேகத்தைச் சுற்றியுள்ள நாலு விளிம்புகளின் மின்புலம் தீர்மானிக்கும். இது யார் விதி? வாட்டர்லூ பாலத்தில் கம்பி கட்டிய அதே ஃபாரடேயின் விதி!

இப்போது ஆறு முகத்தையும் கூட்டுங்கள். முகத்துக்கு நாலு வீதம் 24 பதிவு. ஆனால் விளிம்பு 12தான். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொது. ஒன்றின் கணக்கில் வரவு என்றால் அடுத்ததன் கணக்கில் பற்று. கடைக்காரர் நோட்டு மாதிரி எல்லாம் அடிபட்டு, கூட்டுத்தொகை சரியாக பூஜ்யம். தோராய பூஜ்யம் அல்ல. ஆரம்பத்தில் பூஜ்யமாக இருந்தால், கம்ப்யூட்டர் கடைசி தசமத்தைச் சுருக்கும் அளவு தவிர, எத்தனை லட்சம் அடி போனாலும் பூஜ்யம்தான். மின்புலத்தின் மதிப்பிலேயே தோராயம் இருந்தாலும் இந்த விதி உடையாது.

எண்களை இப்படித் தள்ளித் தள்ளி வைக்கும் யோசனையைக் கேன் யீ என்பவர் 1966-லேயே மின்காந்த அலைக் கணக்குக்குச் செய்திருந்தார். ஆன்டெனா படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். பக்கத்து டிபார்ட்மென்டில் இருந்த சாவி இந்தப் பூட்டுக்கும் பொருந்தியது.

இது ஒன்றுதான் வழி என்று சொல்லிவிடக் கூடாது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் பாவெல் 1994-ல், முளைத்த போலியை ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போக விடும் முறையைக் கொடுத்தார். டெட்னரும் நண்பர்களும் 2002-ல் போலியை அலையாகச் சிதறடித்துத் தணிக்கும் முறையைக் கொடுத்தார்கள். கோணல்மாணலான கட்டங்களில் இவை வசதி. 2000-ல் டோத் என்பவர் ஏழு முறைகளை ஒரே மாதிரிக் கணக்குகளில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். "என் முறைதான் ஒசத்தி" என்று சண்டை போடுவதைவிட எவ்வளவு நாகரிகமான வேலை!

சந்திரா எழுதி வைத்த பக்கம்

இத்தனை பாடுபட்டு அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்றி என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நம்ம மாநிலக் கல்லூரி மாணவர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1930-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிக் கப்பலேறியவர். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்கு அவர் கண்ட எல்லை எல்லோருக்கும் தெரியும்; 1983 நோபல் பரிசும் தெரியும். ஆனால் 1950-களில் அவர் பல வருஷங்கள் காந்தப் புலத்தில் ஓடும் பாய்மங்களைப் பற்றியே உழைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1961-ல் வந்த அவருடைய 'ஹைட்ரோடைனமிக் அண்ட் ஹைட்ரோமேக்னடிக் ஸ்டெபிலிட்டி' 600 பக்கத்துக்கு மேல் போகும் தடிமன் புத்தகம்.

அதற்கு முந்தைய வருஷம், 1960-ல், ஒரு கட்டுரையில் அவர் ஒரு விஷயத்தை நிறுவினார். உள்பக்கம் வேகமாகவும் வெளிப்பக்கம் மெதுவாகவும் சுற்றும் பாய்மம், தனியே விட்டால் நிலையாகச் சுற்றக்கூடியதாக இருந்தாலும், லேசான காந்தப் புலம் இருந்தால் நிலைகுலையும். சோவியத் விஞ்ஞானி வெலிகோவ் 1959-ல் இதையே கண்டிருந்தார். இருவரும் யோசித்தது இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழலும் திரவத்தை. கட்டுரைகள் அச்சாகி நூலகத்துக்குப் போயின. வானியல்காரர்கள் அவற்றை 30 வருஷம் கண்டுகொள்ளவில்லை.

இதற்கிடையில் அவர்களுக்கு ஒரு புதிர். கருந்துளையைச் சுற்றி வாயு தட்டு மாதிரி சுழல்கிறது. உள்ளே விழ வேண்டுமானால் வாயு தன் சுழற்சியை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். யாரிடம், எப்படி? சாதாரண உராய்வு பத்தவே பத்தாது. 1991-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பால்பஸும் ஹாலியும் விடை சொன்னார்கள். லேசான காந்தக் கோடு இரண்டு வாயுத் துணுக்குகளை ஸ்பிரிங் மாதிரி இணைக்கிறது. உள்ளே வேகமாக ஓடுவது வெளியே இருப்பதை இழுக்கிறது. இழுப்பதில் தன் சுழற்சியை இழந்து இன்னும் உள்ளே விழுகிறது. ஸ்பிரிங் இன்னும் நீள்கிறது. வெலிகோவும் சந்திராவும் எழுதிய அதே நிலைகுலைவு!

கவனித்தீர்களா? இந்த ஹாலிதான் மூன்று வருஷம் முன்பு பற்று வரவு நோட்டு எழுதிய ஹாலி. தாளில் போட்ட கணக்கு ஆரம்பத்தை மட்டுமே சொல்லும்; அப்புறம் என்ன ஆகும் என்பதைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும். பலவீனமான காந்தப் புலம் பெரிய விளைவு தருகிறது என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் என்ன வரும்? "உங்க கணக்குல போலி விசை புகுந்திருக்கும் சார்" என்றுதானே! முளைக்கவே இடமில்லாத முறையில் ஓட்டியதால் அந்தச் சந்தேகத்துக்கு அவர்களிடம் பதில் இருந்தது. 1995-ல் காலமான சந்திரா, தன் பழைய பக்கம் உயிர் பெற்றதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பால்பஸுக்கும் ஹாலிக்கும் 2013-ல் ஷா பரிசு கிடைத்தது.

2019 ஏப்ரல் 10-ல் எம்87 என்ற நட்சத்திர மண்டலத்தின் கருந்துளைப் படம் வெளியானதே, நினைவிருக்கிறதா? அந்த வளையத்துக்கு அர்த்தம் சொல்ல ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது ஒரு பெரிய எம்.எச்.டி. சிமுலேஷன் தொகுப்போடுதான்.

நமக்கென்ன?

கருந்துளை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். 1989 மார்ச் 13 அன்று சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தப் புலத்தை உலுக்கியதில், கனடாவின் கியூபெக் மாநில மின் கட்டமைப்பு சுமார் ஒன்றரை நிமிஷத்தில் சரிந்தது. 60 லட்சம் பேர் கிட்டத்தட்ட 9 மணி நேரம் இருட்டில். அப்படி ஒரு புயல் வந்தால் பூமியின் காந்தப் புலம் எப்படி ஆடும் என்பதைக் கணித்துச் சொல்லும் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மாடல் 2016-லிருந்து அமெரிக்க விண்வெளி வானிலை மையத்தின் அன்றாட வேலையில் சேர்ந்தது. அதன் நடு உறுப்பு ஒரு எம்.எச்.டி. புரோகிராம். அதில் போலி விசை இருந்தால் அது வெறும் படத்துக்கு வந்த கேடு மட்டும் அல்ல.

கேள்வி முழுசாகத் தீர்ந்துவிடவும் இல்லை. கட்டத்தின் அகலமே கணக்கில் ஒரு போலி மின்தடையைச் சேர்க்கிறது. காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்வதைப் பல சிமுலேஷன்களில் பார்க்கிறோம். அதில் எவ்வளவு இயற்கையின் வேலை, எவ்வளவு கட்டத்தின் வேலை என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் யாராவது போய்ச் சேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அதீனா, புளூட்டோ என்ற எம்.எச்.டி. புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியோ, வூ சோதனையை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். முதலில் 100 கட்டம், அப்புறம் 200, அப்புறம் 400. எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாறாமல் நிற்பதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள். அதையும் அப்படியே நம்பிவிடாமல், இயற்கை எந்த விதியை ஒருபோதும் மீறாதோ அதை உங்கள் புரோகிராம் மீறுகிறதா என்று தனியாகக் கூட்டிப் பாருங்கள். வேலைக்குப் போன பிறகு நீங்கள் ஓட்டப்போவது பிளாஸ்மாவாக இருக்காது. பம்பாகவோ பாலமாகவோ பாய்லராகவோ இருக்கும். எதுவானாலும் உள்ளே போனது வெளியே வந்ததா என்று கணக்குக் கேட்கும் பழக்கம் கைகொடுக்கும்.